ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு வரி

இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது. மேலே எங்கோ சுற்றும் நாலைந்து செயற்கைக்கோள்களைப் பிடித்தால்தான் நான் எங்கே நிற்கிறேன் என்று இதற்குத் தெரியும். நான் எங்கே நிற்கிறேன் என்பது எனக்குத் தெரிந்து மூன்று வாரம் ஆகிறது. முத்தியால்பேட்டையில் என் வீட்டு இரும்புக் கதவுக்கு வெளியே, ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, ஒரு காலைத் தரையில் ஊன்றி, கைப்பிடி நடுவில் மாட்டிய, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய இந்தக் கறுப்புப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். போகும் வழி, தூரம், வேகம், நெஞ்சில் கட்டிய பட்டை சொல்லும் இதயத்துடிப்பு, எல்லாவற்றையும் எழுதிவைக்கும் சைக்கிள் கம்ப்யூட்டர். எங்கள் சைக்கிள் குழுவில் மிஷின் என்றால் போதும். பத்து மணிக்கு முருங்கப்பாக்கத்தில் கலிவரதனின் சைக்கிள் கடைக்குப் போக வேண்டும். அங்கே கௌரிக்கா இருப்பார். அமிர்தகௌரி, மின்துறையில் மீட்டர் சோதிக்கிற பிரிவில் இருபத்தாறு வருஷம், என்னைவிட நாலு வயது மூத்தவர், எங்கள் குழுவில் ஓட்டுகிற ஒரே பெண். இதே மிஷினை வாங்கப் போகிறார், நான் கூட இருந்து எடுத்துக் கொடுக்க வேண்டுமாம். "தம்பி, நீங்க வெச்சிருக்கறதேதான் வேணும். கலி வேற எதுனா காட்டினா நான் சண்ட போடுவேன்," என்றார் நேற்று போனில். சிரித்தார். பிறகு, "அன்னைக்கி ஓட்டினது அதுல இருக்கும் இல்ல? அதையும் எடுத்தாங்க. அந்த உள்வழி எங்க பிரியுதுன்னு நீங்க எனக்குக் காட்டணும்." காட்டுகிறேன் அக்கா என்றேன். எந்த வாயால் சொன்னேனோ. உள்வழி என்று ஒன்று கிடையாது.

பீப். பிடித்துவிட்டது. எண்கள் எல்லாம் பூஜ்யத்தில் நிற்கின்றன, துடிப்பு மட்டும் தொண்ணூற்றாறு. இன்னும் மிதிக்கவே இல்லை, தொண்ணூற்றாறு. சரி, போ. தெருமுனையில் மீன் கூடைகள், ஈரம், பூனை. இந்த மிஷினை வாங்க மூன்று மாதம் எடுத்துக்கொண்டேன். பிரெஞ்சு ஊரான லியோனில் இருபத்திரண்டு வருஷம் டிராமில் டிக்கெட் பரிசோதித்துவிட்டு ஊர் திரும்பியவனுக்கு நேரத்துக்கா பஞ்சம். பிரெஞ்சில் எழுதுகிறவர்கள் பேட்டரியைப் பற்றியே எழுதினார்கள், ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் மலையேற்றத்தைப் பற்றியே எழுதினார்கள். இரண்டு பாஷையிலும் படித்துக் கோடு போட்டுக் குறித்துக்கொண்டேன். தொடுதிரையா பொத்தானா என்பதிலேயே ஒரு மாதம் போனது. வியர்வை சொட்டினால் தொடுதிரை தானே பக்கம் மாறிவிடுகிறது என்று குளிர்ப் பக்கத்துப் பிரெஞ்சுக்காரன் ஒருவன் புலம்பியிருந்தான். அவன் ஊர் வியர்வைக்கே அப்படியென்றால் நம் ஊர் வியர்வைக்கு அது பாட்டே பாடும். பொத்தான் என்று முடிவு செய்தேன். "சைக்கிள் ஓட்டப் போறீங்களா, ராக்கெட் உடப் போறீங்களா?" என்று ரோசலி கேட்டாள். என் மனைவிக்கு நான் ஓட்டுவதில் ஆட்சேபம் இல்லை, ஓட்டியதைப் பற்றிப் பேசுவதில்தான். அவளுக்கு என்ன சொல்வது. ஊர் திரும்பியவனை யாரும் எதுவும் கேட்பதில்லை. இங்கே இருந்தவர்களுக்கு அவன் போனவன், அங்கே இருப்பவர்களுக்கும் போனவன். நான் இன்ன நாள் இன்ன நேரம் இந்த ரோட்டில் இருந்தேன் என்று எழுதிவைக்க ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. அப்படித்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன், பேட்டரிக்காக இல்லை. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு வரி தானாக எழுதும்படி வைத்ததும் நான்தான். இன்னின்ன வேகம், இன்னின்ன துடிப்பு, இன்னின்ன மணி. அதை அணைத்து வைக்கவும் வசதி உண்டு. நான் அணைக்கவில்லை. எனக்கு அந்த வரிகள் பிடித்திருந்தன. சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படிப்பேன், பூசைப் புத்தகம் படிப்பவன் மாதிரி. எல்லா வரியும் நல்லதையே எழுதும் என்று எப்படி நினைத்தேன்.

காந்தி வீதி காலியாக இருக்கிறது. பதினெட்டு, பத்தொன்பது. துடிப்பு நூற்றுப் பதினொன்று. மூன்று வாரத்துக்கு முந்தைய அந்த ஞாயிறு காலையும் இப்படித்தான், ஆறு மணிக்குக் கடற்கரையில் முப்பத்திரண்டு பேர், விளக்குகள், பிரதிபலிக்கும் சட்டைகள். இந்த நெடுந்தூர ஓட்டத்தை ப்ரெவே என்று நான் சொன்னால் மற்றவர்கள் சிரிப்பார்கள், அவர்களுக்கு அது ப்ரெவெட். புதுச்சேரியிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை, அதே வழியில் திரும்பி வருவது. இருநூற்றைந்து கிலோமீட்டர், பதின்மூன்றரை மணி நேரம். போகும்போது திண்டிவனத்தில் ஒரு கையெழுத்து, அண்ணாமலையில் ஒன்று, வரும்போது மறுபடி திண்டிவனத்தில் ஒன்று. நடுவில் எந்த வழியில் போனாலும் குழு கேட்காது. ஒரே ஒரு விதி, மோட்டார் ஏறக் கூடாது. பரிசு கிடையாது, போட்டி கிடையாது, முந்தினவன் பிந்தினவன் கிடையாது, நேரத்துக்குள் வந்தால் பட்டியலில் பெயர் வரும், அவ்வளவுதான். அவ்வளவுக்குத்தான் இவ்வளவும். கௌரிக்கா அதற்கு முன் இரண்டு தரம் முயன்று இரண்டு தரமும் நேரம் கடந்து வந்தவர். "இந்த தடவ வுடமாட்டேன் தம்பி. ஆபீஸ்ல சொல்லிட்டு வந்திருக்கேன், பேர் வரலன்னா நாயித்துக்கெழமையும் வேலைக்கு வரேன்னு." நாங்கள் இருவரும் சேர்ந்தேதான் ஓட்டினோம், அண்ணாமலை வரைக்கும், திரும்பி செஞ்சி வரைக்கும். அவரிடம் மிஷின் இல்லை. "மணி இன்னா? எவ்ளோ இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே வருவார், நான் படித்துச் சொல்லிக்கொண்டே வருவேன். நன்றாக இருந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும், மிக நன்றாக இருந்தது. செஞ்சி தாண்டி நாலாவது கிலோமீட்டரில் அவருடைய பின்சக்கரம் பஞ்சர். நான் இறங்கினேன், டயரைக் கழற்றும் வரைக்கும் நின்றேன், பம்பைக் கையில் பிடித்தபடி மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதைக் கவனித்தார். கவனித்துவிட்டுத்தான் சொன்னார், "நீங்க போங்க தம்பி, நான் ஒட்டிக்கினு வரேன். காத்து வேற எதிர்க்க வருது." நான் உடனே சொன்னேன், எவ்வளவு உடனே, "தீவனூர் பெட்ரோல் பங்க்ல நிக்கறேன் அக்கா. நீங்க வர்ற வரைக்கும் நகர மாட்டேன்." நகர மாட்டேன் என்பதை யார் கேட்டார்கள், நானாகச் சேர்த்துக்கொண்டது.

அப்புறம் காற்று. பிற்பகலில் கடலிலிருந்து கிளம்பி நேரே நெஞ்சில் வந்து மோதும் காற்று. பதினொன்று, பத்து, பத்துக்குக் கீழே. மூன்று கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டேன். துடிப்பு நூற்று எழுபத்தொன்று என்று எழுதியது. எனக்கு வலி எதுவும் இல்லை. இதை எத்தனை முறை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன், வலி இல்லை, மூச்சு முட்டவில்லை, எண்ணைப் பார்த்ததும்தான் பயம் வந்தது. நூற்று எழுபத்தொன்று, நாற்பத்தெட்டு வயது, வெயில், பெயர் தெரியாத ஊரில் ஒரு புளியமரம், ரோசலிக்கு யார் போன் செய்து சொல்வார்கள் என்ற நினைப்பு. ஓரமாக உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷத்தில் நூற்றிருபதுக்கு இறங்கிவிட்டது. எழுந்து ஓட்டியிருக்கலாம், கையில் மூன்றே முக்கால் மணி நேரம் இருந்தது. நடந்தே போயிருந்தாலும் தீவனூர் வரைக்கும் போயிருக்கலாம். அப்போதுதான் ஒரு குட்டியானை, சின்னச் சரக்கு வண்டி, வந்து நின்றது, பின்னால் பாதி வரைக்கும் தர்பூசணி. "இன்னா சார், காத்து ஆளயே தூக்குது, இதுல போயி மிதிக்கற. ஏறு, திண்டிவனம்தான் போறேன்." நான் வேண்டாம் என்றேன். ஒரு தரம் சொன்னேன். "சைக்கிளு மேல வெச்சிக்கலாம் சார், பழம் ஒண்ணும் ஒடையாது." அவருக்குப் பழத்தைப் பற்றித்தான் கவலை, எனக்கும் அதுதான் கவலை என்று நினைத்துவிட்டார். ஏறினேன். மிஷினை அணைக்கத் தோன்றவில்லை, அது சைக்கிளோடு பழத்தின் மேல் படுத்துக்கொண்டு எழுதிக்கொண்டே வந்தது. முன் சீட்டில் காற்று இதமாக இருந்தது. அந்த இதத்தைத்தான் இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. அவர் ஒரு பழத்தின் விலையைச் சொல்லிக்கொண்டு வந்தார், நான் தலையாட்டினேன். தீவனூர். பங்க் இடது பக்கம் வந்தது, வெள்ளை மேற்கூரை, காற்றுப் பிடிக்கும் குழாய், நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. என் நாற்காலி. நிறுத்துங்க என்று சொல்ல வாய் எடுத்தேனா, எடுத்த மாதிரி ஒரு நினைவு இருக்கிறது, ஆனால் அதை நான் பிறகு சேர்த்துக்கொண்டிருக்கலாம். இங்கே இறங்கினால் பங்க் ஆட்கள் பார்ப்பார்கள், கௌரிக்கா வந்து விசாரித்தால் சொல்வார்கள், தர்பூசணி வண்டியில வந்து எறங்கினாரும்மா என்று. பங்க் பின்னால் போய்விட்டது. திண்டிவனத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து இறங்கினேன். பத்தொன்பது கிலோமீட்டர். கையெழுத்து வாங்கும்போது முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டேன், வியர்வை மாதிரி இருக்கட்டும் என்று. அதுவும் செய்தேன்.

நூற்று இருபத்தெட்டு. என்ன இது, சமதளத்தில், இந்த வேகத்துக்கு. மெதுவாகப் போ. டிராமில் டிக்கெட் இல்லாதவர்களை நான் கண்டுபிடித்தது அவர்கள் பையைத் துழாவுவதை வைத்து இல்லை. என்னைப் பார்த்ததும் ஜன்னலுக்கு வெளியே எதையோ மிகவும் விருப்பத்தோடு பார்க்க ஆரம்பிப்பார்கள். ஒரு கிழவர், தொப்பி வைத்தவர், காலாவதியான அட்டையை நீட்டிவிட்டு என் காலில் இருந்த சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அபராதச் சீட்டு கிழித்து முடிக்கும்வரை தலை தூக்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் ஏன் நினைவில் நிற்கிறார். அந்த ஞாயிறு மாலை ஏழு மணிக்கு முன்னாலேயே நான் கடற்கரைக்கு வந்துவிட்டேன், கை கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள். போனில் எலோடியின் செய்தி. என் மகள் லியோனிலிருந்து அன்று முழுக்க வரைபடத்தில் என் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். "பப்பா, ஒரு எடத்துல ஐம்பத்தாறு போனியே! பெரிய எறக்கமா?" ஆமாம், எறக்கம் என்று எழுதினேன். அவள் இந்த ஊரைப் பார்த்ததே மூன்று தரம், அவளுக்கு எது மேடு எது பள்ளம் என்று தெரியாது. ஏழரை ஆயிற்று. ஏழு நாற்பத்தொன்றுக்குக் கௌரிக்கா வந்தார். பதினோரு நிமிஷம் தாமதம். முகம் வெளுத்து, முழங்காலுக்குக் கீழே சேறு. என்னைப் பார்த்ததும் சைக்கிளை அப்படியே கீழே போட்டுவிட்டு வந்து என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். "நல்லா இருக்கீங்களா தம்பி? ஒண்ணும் ஆவலயே?" பங்கில் நான் இல்லாததால், போனும் கிடைக்காததால், வழியில் எங்கோ நான் உட்கார்ந்திருக்க, பார்க்காமல் தாண்டி வந்துவிட்டோம் என்று நினைத்து, நாலு கிலோமீட்டர் திரும்பிப் போய்த் தேடியிருக்கிறார். நாலும் நாலும் எட்டு. காற்று. நான் எதையாவது சொல்ல வேண்டியிருந்தது, எல்லோரும் சுற்றி நின்றார்கள். "மிஷின் ஒரு உள்வழி காட்டிச்சு அக்கா, தீவனூர் உள்ள போகாம. அதுல திருப்பிட்டேன், பங்க் தாண்டிப்போனதே தெரியல." என் வாயிலிருந்து எவ்வளவு சுத்தமாக வந்தது, ஒரு எழுத்து இடறவில்லை. அவர் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "அது சரி. என்கிட்டயும் ஒண்ணு இருந்திருந்தா நானும் உள்வழில வந்திருப்பேன்." மூன்றாவது முறையும் பட்டியலில் பெயர் வரவில்லை. என் பெயர் வந்தது. இஞ்ஞாசி தனராசு, பன்னிரண்டு மணி ஐம்பது நிமிஷம். இன்றைக்கு அவர் வாங்கப் போவது நான் சொன்ன பொய்யைத்தான், பெட்டியில் போட்டு, ஒரு வருஷ உத்தரவாதத்தோடு.

முதலியார்பேட்டை ரயில்வே கேட் மூடியிருக்கிறது. இரண்டு பக்கமும் வண்டிகள், தயிர்க்கேன்கள், மாதா கோவிலிலிருந்து திரும்புகிற குடும்பங்கள். இப்போது அழிக்கலாம். வழியில் நினைத்த நினைப்பு இல்லை இது, வீட்டிலிருந்து கிளம்பும்போதே இந்தக் கேட் மூடியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் கிளம்பினேன். அழிந்துபோச்சு அக்கா, இந்த மிஷினே இப்படித்தான், மெமரி நிறைந்தால் பழையதைத் தின்றுவிடும். அப்படிச் சொன்னால் மிஷினையும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம், அவருக்குச் செலவாவது மிச்சம். பார், இதிலும் நல்லவனாகப் பார்க்கிறேன். பொத்தான், பட்டியல், கீழே, கீழே, அந்த ஞாயிறு. அழிக்கவா என்று பிரெஞ்சில் கேட்கிறது. நான்தான் அந்தப் பாஷையை வைத்தேன், இங்கே யாரும் எட்டிப் பார்த்தாலும் புரியாது என்று. ஆம். இல்லை. கட்டைவிரல் வலது பொத்தானின் மேல் இருக்கிறது. அழித்தால் என்ன போகும். வண்டியில் எழுதிய முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, முப்பத்து மூன்றாவது வரிகள் போகும், அவற்றோடு காலை ஆறிலிருந்து உண்மையாக மிதித்த நூற்று நாற்பத்தேழு கிலோமீட்டரும் போகும், அக்காவோடு பேசிக்கொண்டு வந்ததும் போகும். அவரிடம் சொல்லிவிட்டால்? சொன்னால் அவர் திட்டுவார், திட்டினால் நல்லது. திட்டாவிட்டால்? சொல்ல வேண்டிய வாக்கியம் என்னிடம் தயாராக இருக்கிறது, மூன்று வாரமாகப் பற்களுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன், அக்கா நான் அன்னைக்கி வண்டியில ஏறிட்டேன். ஐந்தே சொல். ரயில் வந்தது, போனது, தரை அதிர்ந்தது. துடிப்பு நூற்று முப்பத்தெட்டு, நின்ற இடத்தில். "யோவ், கேட்டு தொறந்து இன்னா நேரம் ஆவுது, பொட்டிய பாத்துனு நிக்கற! நவுருயா!" முதுகுக்குப் பின்னால் ஹாரன், நான் துள்ளினேன், விரல் எதையோ அழுத்தியது, திரை மாறிப் பழைய பக்கத்துக்கு வந்துவிட்டது. எதை அழுத்தினேன். ஆம் என்பதையா, இல்லை என்பதையா. நின்று பார்க்க முடியாது, பின்னால் தள்ளுகிறார்கள், தண்டவாளத்தில் சக்கரம் இடறுகிறது, போ, போ. கேட் தாண்டியும் நான் நின்று பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம். கடலூர் ரோட்டில் நிற்க இடமா இல்லை. போயிருந்தால் போகட்டும், நான் அழித்ததாக ஆகாது, ஹாரன் அழித்ததாக ஆகும். இப்படி ஒரு ஆள் நான் என்று எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

"வாங்க முசே! அக்கா ஒம்போது மணிக்கே வந்து, நான் ஷட்டர் தூக்கறதுக்கு முன்னாடி படியில ஒக்காந்துனு இருந்தாங்க." கலிவரதனுக்கு நான் எப்போதும் முசே, பிரெஞ்சில் ஐயா. கிரீஸ் கை, முழங்கையை நீட்டினான். கௌரிக்கா கண்ணாடி மேசைக்கு முன்னால் ஸ்டூலில் இருந்தார், மடியில் ஒரு நீள நோட்டு, ஆபீஸ் நோட்டு, கோடு போட்டுக் கட்டம் பிரித்து வைத்திருந்தார். "எந்தப் பட்டன் எதுக்குன்னு நீங்க சொல்லச் சொல்ல எழுதிக்கப் போறேன் தம்பி. அதுக்கு முன்னாடி அத காட்டுங்க." மேசை மேல் பெட்டி தயாராக இருந்தது, அதே மிஷின், புதிது, பிளாஸ்டிக் ஒட்டியபடி. நான் என்னுடையதைத் திருகிக் கழற்றினேன். என் கையாலேயே திறந்தேன், பட்டியல், கீழே, கீழே. இருந்தது. அந்த ஞாயிறு அப்படியே இருந்தது. இப்போதும் நேரம் இருந்தது, சார்ஜ் இல்லை என்று அணைத்திருக்கலாம், இல்லாவிட்டால் அந்த ஐந்து சொல்லைச் சொல்லியிருக்கலாம். அவர் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். வரைபடத்தைத் தேடவில்லை அவர், எண்கள் வரிவரியாக இருப்பதைப் பார்த்ததும் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு அவற்றில் நுழைந்துவிட்டார். எண்கள் எந்தப் பாஷையிலும் எண்கள்தானே. "இது அஞ்சு கிலோமீட்டருக்கு ஒண்ணா? ம்... இது செஞ்சி. இது என் பஞ்சர். இருபத்தொம்பது, பதினாலு கிலோமீட்டர் வேகம், துடிப்பு நூத்தி நாப்பத்தாறு." விரல் முப்பதைத் தாண்டி அடுத்ததுக்குப் போனது. "முப்பத்தொண்ணு. அம்பத்தாறு. துடிப்பு எம்பத்தி நாலு." கலிவரதன் சிரித்தான். "எறக்கமா இருக்கும்க்கா." "தீவனூர்ல ஏதுடா எறக்கம்." குரல் மாறவில்லை. "முப்பத்திரண்டு. அம்பத்தஞ்சு. எம்பத்தொண்ணு. முப்பத்தி மூணு. அம்பத்தேழு. எழுவத்தொம்போது." பெட்டியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், பிறகு கிட்டே. எத்தனை ஆயிரம் கரண்ட் மீட்டர்களை அப்படிப் பார்த்திருப்பார். "லோடே இல்ல," என்றார் மெதுவாக, யாரிடமும் இல்லை. "லோடே இல்லாம மீட்டர் மட்டும் ஓடியிருக்கு."

"குட்டியானைல ஏறிட்டேன் அக்கா." என் குரலா அது, எங்கேயோ பக்கத்துக் கடையில் யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. கலிவரதன் துணியை எடுத்து, துடைத்த கையையே துடைத்தான். அவர் நிமிரவில்லை. "பங்க்?" "வண்டியிலதான் தாண்டினேன்." "நிறுத்தச் சொல்லலியா?" "இல்ல." "ஏன்?" எவ்வளவோ இருக்கிறது சொல்ல, நூற்று எழுபத்தொன்று, புளியமரம், ரோசலி, ஆனால் கேட்டது அது இல்லையே. "எறங்கினா உங்களுக்குத் தெரிஞ்சிடும்னு." அவர் தலையாட்டினார், கணக்கு சரிதான் என்பது மாதிரி. இன்னும் அந்த வரிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், விரலால் முப்பத்திரண்டாவதைத் தொட்டபடி. "அந்த நாலு கிலோமீட்டர்ல ரோட்டுக்கு அடியில மூணு மதகு இருக்கு," என்றார். "மூணுலயும் எறங்கிப் பாத்தேன். ரெண்டு காஞ்சி கெடந்திச்சு. ஒண்ணுல தண்ணி, முள்ளு. ஷூவ கழட்டி மேல வெச்சிட்டு எறங்கி, குனிஞ்சி அந்தாண்ட வரைக்கும் பாத்தேன். கறுப்பா ஏதோ கெடந்திச்சு. கிட்ட போயி பாத்தா டயரு. பேர் சொல்லிக் கூப்ட்டேன். அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் மேல ஏற முடியல." எண்களைப் படித்த அதே குரலில் சொன்னார். கலிவரதன் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் என்னென்னவோ சொன்னேன், குழுவுக்கு இன்றைக்கே எழுதுகிறேன், என் பெயரை எடுத்துவிடச் சொல்கிறேன், எல்லாருக்கும் நானே சொல்கிறேன். "அத நீங்களும் அவங்களும் பாத்துக்குங்க," என்றார். என் மிஷினை மேசை மேல் வைத்தார், திரை மேலே தெரியும்படி, பத்திரமாக. புதியதை எடுத்துப் பிளாஸ்டிக்கை உரித்தார். வாங்க மாட்டார் என்று நான் நினைத்திருந்தேன், அப்படி நினைத்ததில் எனக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. "கலி, இதுக்கு பில்லு போடு. அடுத்த மாசம் நான் தனியாதான் போப்போறேன், வழி தெரியணும் இல்ல." நோட்டை விரித்தார், பேனாவின் மூடியைக் கழற்றிப் பின்னால் மாட்டினார், முதல் கட்டத்தில் முனையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கோபம் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டிருப்பேன். வாடிக்கையாளர் ஒருவர் மேசைக்கு மறுபக்கம் நிற்கும் கடைக்காரரைப் பார்க்கிற பார்வைதான் இருந்தது, மரியாதையாக, பொறுமையாக.

"சொல்லுங்க சார். மொதல்ல எந்தப் பட்டன்?"

"இடது பக்கம் மேல இருக்கறது," என்றேன். எழுதிக்கொண்டார்.